லெமுவேல் குவின்டலைத் தேடி

"லெமுவேல் குவின்டலா? அப்படி ஒருத்தன் நார்ஃபோக் தீவுலயே கிடையாதுப்பா," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

கோட்டுக்குத் தலை சுற்றியது. சிட்னியில் பத்து வருடம் இருந்து வக்கீலாகித் திரும்பியவனுக்கு இதுதான் முதல் வழக்கு. வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் ஊர் அவனுக்குக் 'கோட்டு' என்றே பெயர் வைத்துவிட்டது. தாத்தா பெயரையே பேரனுக்கும் வைக்கும் ஊர் என்பதால் இங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். டெலிபோன் புத்தகத்தில்கூட அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

மேவிஸ் ஆன்ட்டியின் சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு மாடு மொட்டையாக மேய்ந்துவிட்டது. அதன் காதிலிருந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால், சொந்தக்காரர் லெமுவேல் குவின்டல். சம்மனை இன்று ஐந்து மணிக்குள் அவர் கையில் கொடுக்காவிட்டால் வழக்கு தள்ளுபடி. அப்புறம் எவன் இவனிடம் வழக்கோடு வருவான்?

காலையில் கோர்ட் குமாஸ்தா ஆலிவிடமும் கேட்டுப் பார்த்தான்.

"நான் கோர்ட்டு ஆளு தம்பி. ஒரு பக்கத்துக்குச் சாதகமா வாயைத் திறக்கக் கூடாது."

கடை வாசலில் நின்ற பூசணி என்கிறவன்தான் இரக்கப்பட்டான். "வண்டியில ஏறு கோட்டு. தேடிப் பிடிச்சிடலாம்."

எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் பூசணி ஊர் வழக்கப்படி வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ரோட்டில் படுத்திருந்த மாடுகள் தானாக எழும்வரை காத்திருந்தான். படகுத்துறையில் விசாரித்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஒருவேளை செத்துப் போயிருப்பானோ?" என்றான் பூசணி.

கல்லறைத் தோட்டத்தில் பாசி படிந்த ஒரு கல்லில் 'லெமு' மட்டும் தெரிந்தது. சுரண்டிப் பார்க்க இரண்டு கையும் வேண்டும். கோட்டு சம்மன் கவரை நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடி."

"என் கை அழுக்குப்பா."

"பரவாயில்ல, பிடிய்யா." கையில் திணித்துவிட்டுச் சுரண்டினான். லெமுவேல் குவின்டல்தான். இறந்தது 1891.

"இந்தா, உன் கவர்," என்றான் பூசணி அவசரமாக.

"நீயே வெச்சுக்க. எனக்குக் கை கால் ஓடல."

மத்தியானத்தில் ஆலிவுக்குக் கல்லறைத் தோட்ட வேலை. தூரத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

செத்தவனுக்குச் சம்மன் கொடுக்க வக்கீல் கல்லறைக்குப் போன செய்தி அவனுக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. மேவிஸ் ஆன்ட்டி போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, என் கொடியைத் தின்னது பேயோட மாடா?"

"கடைசியா மலைப்பக்கம் ஒரு வீடு இருக்கு," என்றான் பூசணி. அந்த வீட்டில் யாரும் இல்லை. திரும்பும்போது ரோட்டில் மறுபடியும் மாடு படுத்திருந்தது. கோர்ட்டுக்கு வந்தபோது மணி ஐந்து ஐந்து. ஆலிவ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"போச்சுக்கா, எல்லாம் போச்சு." கோட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த ஆளு யாருன்னே தெரியல. சம்மனைக் கொடுக்க முடியல."

ஆலிவ் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"அதான் மூணு இருபதுக்கே, வேண்டாம் வேண்டாம்னவன் கையில நீயே திணிச்சியே தம்பி, நேரத்தோட எழுதி வெச்சிருக்கேன்," என்றவள் பூசணியிடம் பேனாவை நீட்டினாள். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு, லெமுவேல்."