புரத வலையில் விழுந்த மாமனார்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் "கம்ப்யூட்டர்லங்க" என்று முடித்துக்கொள்கிறேன். ஒருமுறை முழுதாக விளக்கிப் பட்டது போதும்.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எத்தனையாவது கூட்டம் என்று எண்ணுவதை அம்மாவே விட்டிருந்தாள். அதே புடவை, அதே பஜ்ஜி, அதே புன்னகை. ஆனால் இந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது (என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது கொட்டாவி விடாத முதல் ஆள்). பனியன் கம்பெனியை நடத்துவது அவனுடைய அம்மா. கட்டிங்கோ தையலோ செக்கிங்கோ, எல்லாரும் அவருக்குத்தான் போன் செய்தார்கள். அவன் அப்பாவின் போன் மூச்சே விடவில்லை.

அவர்தான் கேட்டார்: "மருந்து கண்டுபுடிக்கறயாமா கண்ணு? எப்படி?"

சும்மா இருந்திருக்கலாம். லேப்டாப்பைத் திறந்து, உடம்பில் எந்தப் புரதம் எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்ற வரைபடத்தைக் காட்டினேன். புள்ளிகளும் கோடுகளும். எல்லாரும் விழித்தார்கள்.

"உங்க கம்பெனியவே எடுத்துக்குவமுங்க மாமா. அத்தைதான் எல்லாத்துக்கும் நடுவுல இருக்கற புள்ளி. மருந்து போயி அவங்களத் தடுத்தா மொத்தமும் நின்னுரும். அதனால, நோய்க்குத் தேவைப்படற, ஆனா அதிகமா யார்கூடயும் தொடர்பில்லாத ஒரு ஆளாப் பாத்துத் தடுக்கோணுமுங்க. இப்ப உங்களயே தடுத்தோம்னு வைங்க, கம்பெனிக்கு ஒண்ணுமே ஆகாது."

பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

"அப்ப நான் இல்லீன்னா ஒண்ணுமே ஆகாதுங்களா?" அதுவரை 'கண்ணு' என்றவர் 'ங்க' போட்டுவிட்டார்.

பதறிப்போய், "அப்படி இல்லீங்க மாமா, நோய்க்கு நீங்கதான் ரொம்ப முக்கியம்!" என்றேன்.

பையன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் காரில் ஏறியதும் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "பொண்ணு பாக்க வந்தவங்கள மருந்து வெச்சுக் கொல்லப் பாத்தயேடீ!"

இந்த இடமும் போயிற்று என்று இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் பையனின் அம்மா போன் செய்தார். "அவரு வருத்தப்பட்டுட்டுத் தினமும் கம்பெனிக்கு வாராரு கண்ணு. எனக்குப் பாதி போன் கொறஞ்சிருச்சு. எப்ப நிச்சயம் வெச்சுக்கலாம்?"

கல்யாணம் நடந்தது. மாமாவின் உற்சாகம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை; பழையபடி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இன்றும் பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் கேட்கிறார்: "ஏங்கண்ணு, இது நோயத் தடுக்குமா, என்னையவா?"

நான் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அத்தை சொல்கிறார்:

"உங்களத் தடுக்க மாத்தர எதுக்குங்க? டிவி ரிமோட்டே போதுமே!"