அப்பாவுக்கு நான் கண்டுபிடித்த மூத்த மகன்

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, மீதியை என் சொந்த அறிவால் நிரப்பிக்கொள்கிற ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பழக்கத்தால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாற்பத்தைந்து வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் பெற்றோரின் இல்லறத்தை ஒரு மணி நேரம் குடைசாய்த்து வைத்தேன்.

எல்லாம் எச்சிலில் தொடங்கியது. என் பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறி மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. ‘தென்னிந்தியா’ என்றது. (இதைச் சொல்ல என் மூக்கே போதும்.)

ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. ஆனால் கீழே, அதே பரிசோதனையைச் செய்துகொண்ட என் உறவினர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. முக்கால்வாசிப் பேர் தூரத்துச் சொந்தம். உச்சியில் மட்டும் சேவியர் என்று ஒருவர். அவருக்கும் எனக்கும் டிஎன்ஏ ஏறக்குறைய கால் பங்கு ஒன்றாம்! என்ன உறவாக இருக்கலாம் என்று தட்டிப் பார்த்தேன். முதல் வரி: ‘தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரர்.’ அதற்குக் கீழே இன்னும் மூன்று நான்கு வரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய படத்தில் முகம் இல்லை. இரண்டு கைகள், நடுவில் ஒரு பெரிய மீன். கோலா கெடாவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவராம். எனக்குள் மணி அடித்தது. அப்பா இளவயதில் ஓட்டியது மீன் லாரி! வாரத்தில் நாலு நாள் கோலா கெடாவிலிருந்து சுங்கை பட்டாணிக்கு மீன் ஏற்றிவந்த மனிதர், வேறு என்னென்ன செய்தாரோ?

சேவியருக்குச் செய்தி அனுப்பினேன். ‘தம்பி, நான் சின்னப் பிள்ளையிலேயே தத்துப்போனவன். என் ரத்தச் சொந்தத்தை ரொம்ப நாளாகத் தேடுகிறேன்’ என்று பதில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, ‘அண்ணா, நான் உங்கள் தம்பிதான்’ என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி மலர் மட்டும், “என்னங்க, அந்த ரிப்போர்ட்ட ஒழுங்கா படிச்சீங்களா?” என்றாள். நான் ஒரு தியாகியைப் போலச் சிரித்தேன்.

ஞாயிறு மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அப்பா, இன்னிக்கு உங்க மகன் வர்றாரு.”

“நீதான் இங்கயே நிக்கிறியே.”

“நான் இல்லப்பா. மூத்தவரு. கோலா கெடாவுல இருக்காரு. டிஎன்ஏ பொய் சொல்லாது. நாங்க உங்கள மன்னிச்சிட்டோம்.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு ரசம் சட்டிக்கே திரும்பிப் போனது. அப்பாவின் தட்டும் பின்னாலேயே போனது.

“யாரு அவ?” என்றார் அம்மா.

“அங்க மீனுதான்லா இருந்துச்சு!” அப்பா அலறினார். “மீனும் ஐஸும்! வேற ஒன்னும் இல்ல!”

“அதான் ஞாயித்துக்கிழம கூட லாரி எடுத்தீங்களோ?”

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. நான் ஓடிப்போய், இறங்கியவரைச் சரியாகப் பார்க்காமல்கூட, “அண்ணா!” என்று கட்டிப்பிடித்தேன். அவரும் “தம்பி!” என்று கட்டிக்கொண்டு அழுதார். கையை விட்ட பிறகுதான் பார்த்தேன். தலை முழுக்க நரை.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு என்னா வயசு?”

“அறுபத்தொன்னுங்க.”

“எனக்கு எழுவத்திரெண்டு.” அப்பா என் பக்கம் திரும்பினார். “கணக்குப் போடுடா.”

போட்டேன். பதினொன்று வந்தது. மறுபடியும் போட்டேன். அதே பதினொன்று.

சேவியரின் முகம் சுருங்கிவிட்டது. கையில் மீன் பெட்டியோடு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. என்னை நம்பி ஒரு மனிதர் இத்தனை தூரம் வந்திருக்கிறாரே!

“தப்பா வந்துட்டேன் போல. மன்னிச்சிருங்க,” என்றார். “என்ன வளத்த அம்மா சாகறப்ப ஒரு பேரு சொன்னாங்க. அத மட்டும் கேட்டுட்டுப் போயிடுறேன். என்னப் பெத்தவங்க மெர்போக் பக்கத்துல தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனாங்களாம். பேரு பாப்பாத்தியாம்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தார்.

“பாப்பாத்தி எங்கம்மா,” என்றார்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத கதையை அம்மா நின்றபடியே சொன்னார். தாய் பிரசவத்தில் இறந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. “மூனு நாளு தம்பிய நான்தான் மடியில வச்சிருந்தேன். நாலாவது நாளு பள்ளிக்கூடம் விட்டு வந்தா தொட்டில் சும்மா தொங்குது. செத்துப் போச்சுன்னாங்க. பேரு கூட வெக்கல.”

இதைச் சொன்ன அம்மா, நரைத்த தலையோடு நின்ற தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இருவரும் அழுதார்கள். அப்பாவும் அழுதார். (அவர் அழுதது விடுதலையானதற்காக என்று பின்னால் சொன்னார்.)

மலர் என் கைத்தொலைபேசியை வாங்கி, நான் படிக்காத இரண்டாம் வரியைச் சத்தமாகப் படித்தாள். “தாய்மாமன் அல்லது சித்தப்பா, பெரியப்பா.”

பிறகு அம்மாவையும் ஒரு குழாயில் துப்ப வைத்தோம். ‘உடன்பிறந்த சகோதரர்’ என்று முடிவு வந்தது. இந்த முறை எல்லா வரியையும் மலர்தான் படித்தாள்.

இப்போது சேவியர் மாமா இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த விசேஷமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் புதிதாக யாரைப் பார்த்தாலும் அப்பா மாமாவின் தோளில் கை போட்டு அறிமுகப்படுத்துவார்: “இவரு என் மூத்த மகன். நான் அஞ்சாம் வகுப்பு படிக்கிறப்ப பொறந்தவரு.”

மாமாவும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “ஆமாங்கப்பா,” என்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார். கேட்டவர் திகைத்துப்போய் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார். இரண்டு கிழவர்களும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் பரிமாறப் போய்விடுவேன்.