தாளைத் திருப்பிப் போடுங்கள்

செத்துப்போனவர்களைப் பார்க்க இத்தனை பேர் மலையேறி வருகிறார்கள், நான் உயிரோடு உட்கார்ந்து வரைவதை ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லையே. ஓவியக்காரி இதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

மலை உச்சியில் இருந்த அந்தக் கல்வீட்டு ஊரில், கலைஞர்கள் தங்கி வேலை செய்வதற்கென்று ஒரு விடுதி இருந்தது. அவள் அங்கே வந்த முதல் வாரத்திலேயே விடுதிப் பொறுப்பாளர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத சந்துகள், இடிந்த காவல் கோபுரம், சரிவில் கைவிடப்பட்ட கல்குவாரி, எதிர் மலைகளில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன ஊர்கள். எங்கேயும் ஆளைக் காணோம். கடைசியாக மூடுபனியார் வீட்டைக் காட்டினார். மொத்த வட்டாரமும் அங்கேதான் இருந்தது.

மூடுபனியார் விடியற்காலையில் துணியை விரித்து மலைப்பனியைப் பிடிப்பாராம். பிழிந்த தண்ணீரை வெற்றுத் தாளில் ஊற்றுவார். நாம் நினைக்கிற ஆள் இறந்திருந்தால் முகம் தெரியும். உயிரோடு இருந்தால் தெரியாது. பனித் தண்ணீர் ஏன் மை நிறத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பனி கோபித்துக்கொள்ளுமாம்.

வாசலில் அவருடைய மனைவி அன்பாக விசாரிப்பாள். "ஆம்பளையா பொம்பளையாம்மா? வயசானவரா? மீசை உண்டா?" வந்தவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். உடனே அவள் எழுந்து, புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவாள். ஆளுக்கு ஒரு தடவை தாகம் எடுத்தது அந்த மனிதருக்கு.

அன்றைக்கு, விடுதியில் சமைக்கிற அக்காவின் முறை. கப்பல் வேலைக்குப் போன மகனிடமிருந்து பல மாதங்களாகச் சேதி இல்லை.

"இன்னைக்கு முகம் வந்துட்டா, கப்பல் கம்பெனிக்கு அலையறதை விட்டுடுவேன், தங்கச்சி. அவன் துணிமணியை யாருக்காவது குடுத்துடுவேன். தனியாப் பாக்க பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

"யாருக்காவது முகம் வராம இருந்திருக்காக்கா?"

அக்கா யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்சு இல்ல."

உள்ளே ஒரே கூட்டம். அவர்களுக்கு முன்னால் ஒரு தையல்காரர். மூடுபனியார் தடித்த வெள்ளைத் தாளைப் பலகையில் வைத்து ஊற்றினார். கருநீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடுகளாக இரண்டு கண்கள், ஒரு மூக்கு, ஒரு மீசை.

"அப்பாவேதான்," என்று தையல்காரர் விக்கினார்.

ஓவியக்காரியும் ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்கு அந்த முகம் அப்படியே செத்துப்போன அம்மாவைப் போல இருந்தது. மீசையோடு எப்படி அம்மா என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் தாளை ஒழுங்காகப் பார்த்தாள். கோடுகளின் மேல் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டது.

மெழுகு. மெழுகுவத்தியால் வரைந்துவிட்டு மேலே வண்ணம் ஊற்றுகிற வேலை. அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் மூக்கை இதைவிட நன்றாகப் போடுவார்கள்.

அவள் முகம் மாறியதைக் கூட வந்திருந்த பொறுப்பாளர் கவனித்துவிட்டார். "வேண்டாங்க," என்று காதோரம் சொன்னார். "ஊர்க்காரங்க நம்பிக்கை. நாம விருந்தாளிங்க."

தையல்காரரோடு முடிந்திருந்தால் அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அவருக்கு அப்பா கிடைத்தார், போகட்டும். ஆனால் அடுத்த தாள் பலகைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு பிள்ளை சாகப்போகிறான். அக்கா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, தாளைத் திருப்பிப் போட்டு ஊத்துங்களேன்."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். பின்பக்கமும் வெள்ளையாத்தானே இருக்கு."

"ஆவி வர்ற பக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அது எந்தப் பக்கம்னு ஆவிகிட்ட யாருங்க சொன்னது?"

மூடுபனியாரைக் காப்பாற்ற வந்தவர் தையல்காரர். "திருப்பித்தான் போடுங்களேன் ஐயா. எங்கப்பால்லாம் எந்தப் பக்கம் ஊத்தினாலும் வருவாரு."

பக்தர் கேட்டால் மறுக்க முடியுமா? திருப்பினார், ஊற்றினார். கருநீலம் பரவியது. மூலைவரை பரவியது. கண் இல்லை, மூக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

"கூட்டத்துல சந்தேகப் புத்தி இருந்தா பனி ஒத்துழைக்காது," என்றார் மூடுபனியார்.

ஓவியக்காரி சன்னலில் இருந்த மெழுகுவத்தியை எடுத்தாள். தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எல்லார் முன்னாலும் நாலு இழுப்பு இழுத்தாள். அவர் கிண்ணத்திலிருந்தே ஊற்றினாள். இரட்டைத் தாடை, மூக்கோரத்து மரு, வழுக்கை. மூடுபனியார் தாளில் மிதந்தார்.

கூட்டம் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"முகம் வந்தா செத்துப்போனவங்கன்னுதானே சொன்னீங்க," என்றார் தையல்காரர். "ஐயா எப்போ தவறினீங்க? எங்களுக்குச் சொல்லி அனுப்பவே இல்லையே."

சிரிப்பு வாசல்வரை போனது. சிரித்துக்கொண்டே தையல்காரர் தன் அப்பாவின் மீசையை நகத்தால் சுரண்டினார். நகத்தில் மெழுகு ஏறியது. அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. காணிக்கைத் தட்டும் மூடுபனியாரின் மனைவியும் பின்வாசல் வழியாகக் கிளம்பியாயிற்று. "எனக்கு அப்பவே சந்தேகம்," என்று பொறுப்பாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி வைத்திருக்கிற ஊர் அது.

திரும்பி வரும்போது அக்கா அந்த நீலத் தாளை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"முகம் வரல. அப்போ உயிரோடதான் இருக்கான். இல்லையா, தங்கச்சி?"

ஓவியக்காரி நின்றாள். ஆமா என்று ஒரு வார்த்தை. அக்கா இன்று வயிறாரச் சாப்பிடுவாள், தூங்குவாள். மூடுபனியாரும் ஒரு காலத்தில் இப்படித்தான், அழுகிற யாருக்கோ இரங்கி ஒரு ஆமாவில் தொடங்கியிருப்பார்.

"தாளுக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது. கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும். நாளைக்குப் போய்க் கேப்போம், நானும் வரேன்."

"அந்த ஆளாவது கேட்டதுக்கு ஒரு பதில் வெச்சிருந்தான்," என்றாள் அக்கா, கோபமாக.

"கேட்டதுக்கெல்லாம் பதில் வெச்சிருக்கறவனைத்தான்க்கா மொதல்ல சந்தேகப்படணும்."

அக்கா நாலடி முன்னால் போய் நின்றாள். பிறகு ஓவியக்காரியின் கையைத் தொட்டாள்.

"சரி, நாளைக்குப் போவோம். இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆமான்னு சொல்லிடுங்க."

"மாட்டேன்க்கா," என்றாள் ஓவியக்காரி, மெதுவாக.