தேவகி தறிகாத்த படலம்

வாழி தேவகி! களம்பூர் அரிசி ஆலைத் தவிட்டுப் புழுதியில் வளர்ந்து, சென்னை மாநகர் புகுந்து, அருங்காட்சியகவியல் முதுகலையில் இரண்டாமாண்டு எய்திய வீராங்கனை வாழி! எழுபத்தெட்டாம் ஆண்டுச் சித்திரை வெயிலில், ஆரணிக் கல்யாண மண்டபம் ஒன்றில் அவள் கண்ட களத்தைப் பாடப் புகுந்தோம். நாமகளே, நாவில் வந்து அமர்க, விசிறி இருந்தால் கையோடு கொணர்க!

அங்கு நடந்த தேர்வுக் கண்காட்சிக்குப் போர்விதி வகுத்தவர் பேராசிரியர் லோகநாதன். “வந்தவரை ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்காத காட்சிப்பொருள் வெறும் மரச்சாமான்! நிறுத்தாதவர் தேர்ச்சி பெறார்!” என முழங்கிக் கடிகாரம் ஏந்தினார். ‘பார்ப்பவர் கைக்கு வேலை கொடு’ என்று அவர் ஓராண்டு ஓதியதை மறந்த தேவகியோ, இரவல் பட்டுத்தறியை, நெடுக்கிழை பூட்டிய பாவோடு நிறுத்தி, விளக்க அட்டைகள் பதினான்கு எழுதி, ‘தொடாதீர்கள்’ என்னும் பலகையைக் கேடயமாக நாட்டினாள். நெசவாளர் ஊரில் தறியைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பதை, அந்தோ, அவள் அறிந்திலள்!

பகைவன் மேலே தொங்கினான். மண்டபத்தின் ஒரே மின்விசிறி, முச்சிறகுப் பெருவேந்தன், வந்தவர் அனைவரையும் தன் குடைக்கீழ் ஈர்த்துக்கொள்ள, மூன்று நாளாகத் தறிப்பக்கம் ஓர் ஈயும் வந்திலது. கடைசி நாள் மாலை, பேராசிரியர் கடிகாரத்தைத் தட்டினார். பதைத்துத் திரும்பிய தேவகியின் வளையல் பாவில் மாட்ட, பட்டுப்பட்டென அறுந்தன இழைகள் ஏழு!

விசிறியடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த நெசவுக்காரி கெங்கம்மாளின் செவியில் அவ்வோசை இடியென விழுந்தது. அறுந்த இழையைக் கண்டும் கடந்து போனவர் ஆரணியில் பிறந்ததில்லை.

“இன்னாம்மா, இழை அறுந்து தொங்கிகினு கீது, நீ பார்த்துகினு நிக்கிறியே! நகரு!”

பலகை பறந்தது. கெங்கம்மாள் தறியேறினாள்.

“அப்பிடியா முடி போடறது? குடு இங்க!” என்று விசிறியடியிலிருந்து இன்னொரு நெசவாளர் இராஜமாணிக்கம் பாய்ந்தார், அவரைத் திருத்தத் தனக்கோடி, தனக்கோடியைத் திருத்த அவர் மாமனார் என, விசிறிவேந்தனின் சேனை முழுவதும் கட்சி மாறித் தறியைச் சூழ்ந்து, முடி போட்டு, போட்டதை அவிழ்த்து, நெய்து பார்த்து, குறை கூறி, மீண்டும் நெய்ய, கடிகாரம் ஐந்தைக் கடந்து, பத்தைக் கடந்து, நாற்பதில் மூச்சு வாங்கிற்று.

“தேர்ச்சி!” எனப் பேராசிரியர் பிரகடனம் செய்தார். விண்ணவர் பூமாரி பொழிந்தனரோ, விட்டத்துப் புறா சிறகுதிர்த்ததோ, யாமறியோம். வாகை சூடிய தேவகி, ஆளரவமற்ற பகைவன் கோட்டையை நோக்கித் தலைநிமிர்ந்து நடந்தாள்.

போய் ஃபேனுக்கு அடியில் நின்றாள்.