இருபதாம் தேதி ஏழாம் தேதியான கதை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அவளுடைய வலது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கு நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் போன் வந்தால் உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போட்ட பிறகுதான் என் கைக்கே தருவாள். மெசேஜ் வந்தால் அதையும் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள். ஆகவே பேப்பரைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை. தயவுசெய்து இதை என் மகளிடம் காட்ட வேண்டாம். அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் பஸ் ஸ்டாண்டு மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான். பெற்றவன் சொல்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றபோது, நீங்கள்தான் எங்களைக் கூட்டிப்போய் பேங்கில் சிறப்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தீர்கள். அத்தை பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கூடவே எனக்கு ஒரு கிரெடிட் கார்டு. வீட்டுச் செலவெல்லாம் கார்டில், அந்த பில் இருபதாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். சிறப்பு வாடிக்கையாளர் என்பதற்காக மாதாமாதம் இரண்டு சினிமா டிக்கெட் இலவசம், உங்கள் அத்தையின் போனுக்கு வரும். அவளுக்கு அந்த டிக்கெட் என்றால் உயிர். படம் எந்தக் குப்பையாக இருந்தாலும் சரி. தியேட்டர் வாசலில் நிற்பவரிடம், அவர் கேட்காமலே, "பேங்க்ல எனக்குக் குடுத்தது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல எனக்குன்னு டிக்கெட் எடுத்து வைக்க ஒருத்தன் வந்தான் பாருங்க" என்பாள். அந்த ஒருத்தன் பேங்க். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. டிப்போவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம், லீவு கிடைக்காது. அவளை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை.

முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸுக்கு டைம் டேபிள் போட்டவன் நான். ஒரு பஸ் வந்து சும்மா நின்றால் எனக்குக் கை அரிக்கும். வந்தோமா, ஏற்றினோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். மூன்று மாதம் முன்பு பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கவனித்தேன், பென்ஷன் ஐந்தாம் தேதி வருகிறது, கார்டு பில் இருபதாம் தேதி போகிறது. நடுவில் பதினைந்து நாள் பணம் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. விடுவேனா? பேங்க் நம்பரைக் கூப்பிட்டு, பில் கட்டும் தேதியை ஏழாம் தேதிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். ஐந்தில் வரும், ஏழில் கிளம்பும். கனெக்‌ஷன் என்றால் இதல்லவா கனெக்‌ஷன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

அடுத்த மாதம் டிக்கெட் வரவில்லை. "என்னங்க, பேங்க்காரனைக் காணோமே" என்று உங்கள் அத்தை நாளுக்கு நாலு தடவை போனைத் தடவிப் பார்த்தாள். நான் பேங்குக்கு ஓடினேன். மூன்றாம் கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண், நம் வீட்டுப் பெண் வயசுதான் இருக்கும், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கார்டு தேதியை மாத்தினீங்களா சார்?" என்றாள். பெருமையாக ஆமாம் என்றேன். "அதான் சார். கணக்குல மாசம் சராசரியா எவ்வளவு பணம் தங்குதுன்னு பாத்துத்தான் இந்தச் சலுகை. முன்னாடி உங்க பென்ஷன் பதினஞ்சு நாள் தங்கிச்சு. இப்ப ரெண்டே நாள்ல கிளம்பிடுது. சராசரி எறங்கிடுச்சு, சிறப்புக் கணக்கு சாதாக் கணக்காயிடுச்சு." "கட்ட வேண்டியதைச் சீக்கிரமாக் கட்டினதுக்கா இந்தத் தண்டனை?" என்றேன். "தண்டனை இல்ல சார். சலுகை இல்ல, அவ்வளவுதான்." "அப்ப பழையபடி இருபதாக்கிடும்மா." "வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார் மாத்தலாம்." பாவம், அந்தப் பெண் வருத்தத்தோடுதான் சொன்னாள். காலம் பூராவும் நிற்கிற பஸ்ஸை விரட்டியே பழகியவன், நிற்கிற பஸ்ஸுக்குத்தான் பரிசு என்கிற இடத்தில் போய் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவள், "என்ன சொன்னான்?" என்று வாசலிலேயே நிற்கிறாள். உன்னை மதித்து டிக்கெட் கொடுத்த ஒருத்தனையும் நான்தான் துரத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "இனிமே போன்ல வராதாம், தபால்லதான் வருமாம்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். பொய்க்குக் கால் முளைத்துவிட்டால் நடத்திக் கூட்டிப்போக வேண்டியவன் நான்தானே. தியேட்டருக்குப் போய் இரண்டு டிக்கெட் வாங்கினேன். விலையைக் கேட்டு ஒரு நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதை ஈடுகட்டத்தான் அன்றிலிருந்து முடி வெட்டிக்கொள்ளவில்லை. பின்கழுத்தில் சுருண்டு கிடக்கிறது. "இந்த வயசுல என்ன ஸ்டைல் வேண்டிக்கெடக்கு?" என்கிறாள் உங்கள் அத்தை.

டிக்கெட்டோடு பேங்க் எழுதியதாக ஒரு கடிதமும் வேண்டுமே. ஜெராக்ஸ் கடைக்காரரை டைப் அடிக்கச் சொல்லி நானே வாசகம் சொன்னேன். "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களுக்கு இரண்டு இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து சேரவும். தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." நமக்குத் தெரிந்த பாஷை அதுதான். வீட்டு வாசல் தபால் பெட்டியில் நானே போட்டு, நானே எடுத்துவந்து கொடுத்தேன். படித்துவிட்டு, "பேங்க்ல புது ஆளு போல, மரியாதையா எழுதறான்" என்றாள். இரண்டாம் மாதம் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. "தங்களைப் போன்ற ஒருவர் கிடைத்தது எங்கள் பாக்கியம். இத்தனை வருடங்களாக இதைத் தெரிவிக்கத் தவறியதற்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தியேட்டரில் பாப்கார்ன் பொட்டலத்தை என் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் கீழ்வீட்டுத் தையல்காரரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்து கை காட்டினார்கள். இந்த விலைவாசியில் அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறதோ என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மாப்பிள்ளை, என்னால் இதற்கு மேல் இழுக்க முடியாது. இந்த மாதக் கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத விஷயம் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது, ஆனால் அதெல்லாம் ஒரு பேங்க் எழுதக்கூடியதாக இல்லை. நீங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருப்பவர். பேங்கின் தலைமை அலுவலகத்தில் யாரையாவது பிடித்து, என் கார்டு தேதியைப் பழையபடி இருபதாக்கிக் கொடுங்கள். அத்தைக்குத் தெரிவதற்குள் நடக்க வேண்டும். உங்கள் புது வீட்டு விலாசம் அவள் நோட்டில்தான் இருக்கிறது. நீங்கள் வரும்போது பிடிக்க வேண்டிய பஸ் நேரங்களை எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, கவரை நன்றாக ஒட்டிய பிறகுதான் விலாசம் எழுத அவளிடம் கொடுப்பேன். கவலை வேண்டாம்.

என் மகளுக்கு ஆசிகள். பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் மூவருக்கும் எல்லாம் நேரத்துக்கு வந்து, கிளம்பாமல் தங்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. பயப்படாதீங்க, கவர் தானாத்தான் தொறந்துச்சு. இவர் ஒட்டின எதுவும் இதுவரைக்கும் ஒட்டினதில்லை. பேங்குக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு, சர்க்கரை போட மறந்த டீயைக் குறை சொல்லாமக் குடிச்சாரு. அப்பவே சந்தேகம். மறுநாள் நானும் போனேன். அந்தக் கண்ணாடிப் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிச்சு. என் பேர்ல இருந்த சின்ன டெபாசிட்டை எடுத்து இந்தக் கணக்குலயே போட்டு வச்சுட்டேன். போன மாசத்துலேருந்து டிக்கெட் பழையபடி என் போனுக்கு வருது. கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் குடுத்துடறேன். நீங்க தலைமை அலுவலகத்துல யாரையும் பிடிக்க வேண்டாம். ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம்னு இவருக்குப் பதில் போட்டுடுங்க. முடி வெட்டக் காசு அவர் சட்டைப்பையில இன்னிக்கே வச்சுட்டேன், தானே மறந்து வச்சதா நெனச்சுக்குவாரு. இந்த மாசக் கடிதம் இன்னும் வரலை. அது பேங்க் எழுதற மாதிரியே இருக்கணும்னு ஒண்ணும் இல்லை. ஆனா அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க, கூச்சப்பட்டு நிறுத்திடுவாரு.