வெள்ளையனுக்குத் தெரிந்த பாஷை

அன்று காலை நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் இனி தமிழ் ஒன்றுதான். தெலுங்கு வாசப்படி தாண்டக் கூடாது.

சட்டம் போட்டவன் காளிராஜ். அதாவது நான். வீடு ராஜபாளையத்தில். பிழைப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டு வாசலில், புங்கமரத்தடியில். ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வினோதம் உண்டு. பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ். தெலுங்கில் சண்டை போடுவோம். அந்தச் சண்டையைத் தமிழில் எழுதிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவோம். தெலுங்கு எழுத்தை என் முன்னால் நீட்டினால் எது தலை, எது வால் என்று எனக்குத் தெரியாது.

முந்தின நாள், பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதும் சீனிச்சாமி என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான்.

"ஏலே காளிராஜு, ஜனக் கணக்கு எடுக்க வாராகளாம். வீட்டுல என்ன பாஷை பேசுறீகன்னு கேப்பாகளாம். எந்தப் பாஷை ஜாஸ்தியோ, இனி மனு அம்புட்டும் அந்தப் பாஷையிலதானாம். ஒங்க தெரு பூராம் தெலுங்குல்லா? ஒனக்குத் தெலுங்கு எழுத வருமா?"

வராது. இருபது வருஷமாகத் தமிழ் எழுத்துதான் எனக்குக் கஞ்சி ஊற்றுகிறது. மாட்டு வண்டியில் வீடு வந்து சேர்ந்தேன். ராத்திரி பூராம் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் சட்டம்.

என் மனைவி சோலையம்மாள் தலையிலிருந்த தண்ணிக் குடத்தைக்கூட இறக்கவில்லை.

"அடுத்த வீட்டுக்காரிகிட்ட?" என்றாள்.

"தமிழ்."

"எங்க அம்மா வந்தா?"

"தமிழ்."

"தூக்கத்துல ஒளறினா?"

"தமிழ்லயே ஒளறு."

"அம்மியில கையை நசுக்கிக்கிட்டா? அய்யோன்னு கத்தலாமா? அது எந்தப் பாஷை?"

யோசித்தேன். "அது ரெண்டுலயும் செல்லும்" என்று அனுமதி கொடுத்தேன்.

(இந்தப் பேச்சு முழுவதும் தெலுங்கில்தான் நடந்தது. சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லையே! உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு எழுத வருவதும் அது ஒன்றுதான்.)

"வெள்ளையனுக்கு?"

வெள்ளையன் எங்கள் நாய். ராஜபாளையத்து நாய். உடம்பு சுண்ணாம்பு அடித்த சுவர், மூக்கு மட்டும் ரோஸ் நிறம். குட்டியிலிருந்து தெலுங்கு கேட்டு வளர்ந்தது.

"நாய்க்கும்தான்! சட்டம்னா சட்டம்!"

அவள் குடத்தை இறக்கினாள். "சரி. யாராவது மீறினா?"

"நீதான் மீறுவே."

"யாரா இருந்தாலும். மொதல்ல தெலுங்கு பேசுறவுக, பொறவு ஆயுசுக்கும் மத்தவுக சொல்படி நடக்கணும். எழுதிக் குடுங்க."

மனு எழுதுகிறவனைப் பார்த்து எழுதிக் கொடு என்றால் விடுவானா? அடுப்பில் பால் பொங்குவதற்குள் இவள் வாயைத் திறந்து மாட்டிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். நல்ல காகிதத்தில், மேற்படி, கீழ்ப்படி, நாளது தேதி எல்லாம் போட்டு, ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதினேன். நான் கையெழுத்து, அவள் கைநாட்டு.

பால் பொங்கியது. "அடடா, பொங்கிருச்சே!" என்றாள். சுத்தமான தமிழ்.

எட்டு நாள் போனது. அவள் வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் விழவில்லை. அடுத்த வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்து, "இவளுக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?" என்று என்னையே கேட்டாள். தவித்தவன் நான்தான். காலில் தேள் கொட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, எது தமிழ் என்று தேடி எடுத்து அப்புறம் அலறினேன். அதற்குள் விஷம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் கணக்கெடுப்புக்காரர் வந்துவிட்டாரோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். பொய் சொல்கிறோம் என்ற பயம் ஒரு பக்கம். பிழைப்புப் போய்விடும் என்ற பயம் மறு பக்கம். சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் இன்னொரு உத்தரவும் போட்டேன். "ஏட்டி, அவரு வந்தா நீ வாயே திறக்கக் கூடாது. நான் பேசிக்கிடுதேன்."

"தமிழ்லயுமா?"

"எந்தப் பாஷையிலயும்! நானாச் சொன்னாத்தான் திறக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு!"

ஒன்பதாம் நாள் காலை வந்தார் பீர் முகமது. கடைவீதியில் ஜவுளிக்கடை. தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும் என்று சர்க்கார் அவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்திருந்தது. எங்கள் கதவில் காவியால் நம்பர் போட்டார். முற்றத்தில் நின்றபடி பெயர், வயசு, தொழில் எல்லாம் எழுதினார். சோலையம்மாள் நிலைப்படியில் சாய்ந்து, உதட்டை இறுக்கி மூடி நின்றாள்.

"அடுத்து பாஷை. பாத்துச் சொல்லுங்க, பொய் சொன்னா மாஜிஸ்ட்ரேட் முன்னால நிக்கணும். வீட்டுல சாதாரணமா என்ன பேசுறீக?"

"தமி..." என்று ஆரம்பித்தேன்.

கொல்லையிலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்து வந்தது. காலையில் நானே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிய நாய்!

பீர் முகமது உரல் மேல் ஏறிவிட்டார். வெள்ளையன் அவர் கைலியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு உறுமியது. அவர் ஒரு கையால் கைலியையும், மறு கையால் சர்க்கார் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! கூப்பிடுங்க நாயை!"

"வெள்ளையா, விடு!" என்றேன். உறுமல். "விட்டுரு ராசா!" இன்னும் உறுமல். கைலி டர்ரென்று கிழிந்தது.

நாய்க்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாதென்று. தெலுங்கில் 'விடுடா' என்று ஒரு சொல் சொன்னால் விட்டுவிடும். சொன்னால் என் பிழைப்புப் போச்சு, பத்திரமும் போச்சு. சொல்லாவிட்டால் சர்க்கார் ஆள் கடிபடுவார், நான் ஜெயிலுக்குப் போவேன். வெள்ளையன் கைலியை விட்டுவிட்டு, அவர் கெண்டைக்காலைப் பார்த்து வாயைத் திறந்தது.

"வதலரா!" என்று தெலுங்கில் அலறினேன். "வதலரா, சண்டாளா!" தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

வெள்ளையன் காதைக்கூட ஆட்டவில்லை.

சோலையம்மாளைப் பார்த்தேன். அவள் ஒரு விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டி, திறக்கலாமா என்று புருவத்தை உயர்த்தினாள்.

"திறட்டி! திற! எந்தப் பாஷையிலயாவது சொல்லித் தொலை!"

"வெள்ளையா," என்றாள் நிதானமாக, அழகான தமிழில். "விட்டுட்டு உள்ள போய்ப் படு."

வெள்ளையன் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தது.

பீர் முகமது உரலிலிருந்து இறங்கி, கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

"உயிர் போற நேரத்துல மனுசன் எதுல கத்துதானோ, அதுதான் அவன் பாஷை. காளிராஜ், தெலுங்கு." எழுதினார். "அம்மா, ஒங்களுக்கு?"

"இந்த வீட்டுல தமிழ் ஒண்ணுதான்னு சட்டம் போட்டிருக்காக. ஒன்பது நாளா அதைத்தான் பேசுதேன்."

"நாயே சாட்சி. தமிழ்." அதையும் எழுதினார்.

நான் அவர் காலில் விழாத குறை. "பாய், என் பிழைப்பே போயிரும்! மனுவெல்லாம் இனிமே தெலுங்குலதானாமே?"

"யாரு சொன்னா? தலையை எண்ணி அனுப்பணும், அம்புட்டுத்தான் எனக்கு உத்தரவு. கோர்ட்டைப் பத்தி ஒரு வரி கிடையாது." கிழிந்த கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

திரும்பினேன். சோலையம்மாள் கையில் பத்திரம்.

"இது செல்லாது!" என்றேன். "நாய்க்குத் தமிழ் தெரியும்னு நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கோர்ட்டுக்குப் போன பொறவு நான் யாருகூடப் பேச? அடுத்த வீட்டுக்காரிக்குப் பயம், கிட்ட வரல. எட்டு நாளும் இதுகூடத்தான் பேசிக்கிட்டிருந்தேன். உங்க சட்டப்படி."

"தெலுங்குல சொன்னேனே! அதுக்கும் கேக்கலையே!"

"நீங்க என்னிக்காவது அதுக்குச் சோறு வச்சிருக்கீகளா?"

"முடிச்சை யாரு அவுத்தா?"

அவள் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கொல்லைச் சுவருக்குப் போனாள். ஒன்பது நாள் பாக்கித் தெலுங்கை அடுத்த வீட்டுக்காரியிடம் கொட்டித் தீர்த்தாள். நடுநடுவே இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் முற்றத்தில் உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையனும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

மத்தியானம் உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "ரா!" என்று ஒரு குரல். தெலுங்கில் 'வாடா' என்று அர்த்தம்.

நாயைத்தான் கூப்பிட்டாள். எழுந்தவன் நான்.