கன்னத்தில் இரண்டு கோடுகள்

யார் என்ன சொன்னாலும் அந்த மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். என் கல்யாண வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகள் குறைவு. எடுத்துக் கடைசிவரை காப்பாற்றியவை அதைவிடக் குறைவு. இதை மட்டும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மெஷின் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சொந்தமாக ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி. ஒரு கார், ஒரு மேஜை, வாசலில் ஒரு போர்டு. எங்கள் தெருவில் மாஸ்டர் என்றால் நான்தான். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. மாணவர் ஓட்டுவார்; நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வலது, இடது, நேராப் போங்க என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் பேக்கரி நடத்தும் அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தார். நேராப் போங்க என்றேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டேன்.

பேக்கரி அம்மாள் மரியாதை தெரிந்தவர். நான் சொல்லாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆகவே அவர் திருப்பவில்லை. மார்க்கெட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த ஊரிலும் பாதியைத் தாண்டிவிட்டார். பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகுதான் பயந்துபோய் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். அப்போதும் என்னை எழுப்பவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை வைத்தே நம் ஓட்டத்தை எடை போடுகிறார் என்று நினைத்தாராம். போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டு, "மாஸ்டர் இன்னும் திரும்பச் சொல்லலைங்க, நான் என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே கார் சாவி என் மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் அவளுக்கும் உண்டு. ஓர் அவசரத்துக்கு உதவும் என்று நான்தான் வாங்க வைத்தேன். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மாஸ்டர் சீட்டில் அவள் உட்காருவாள். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். இது அவள் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த சீட் என் சீட். என் முதுகுக்கு ஏற்றபடி குழி விழுந்த சீட். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் மனைவி அதில் சாய்ந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு போகிறாள். மாணவர்கள் சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள். என்னிடம் படித்தவர்கள் யாரும் சிரித்த முகத்தோடு திரும்பி வந்ததில்லை. இப்படியே விட்டால் அந்தக் குழி அவளுக்கு ஏற்றபடி மாறிவிடும் என்று பயமாக இருந்தது.

தூக்க டாக்டர் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனாள். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் நிதானமான மனிதர். தூங்கும்போது என் தொண்டைச் சதை தளர்ந்து விழுந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறதாம். மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இரவெல்லாம் இதே வேலையாக இருப்பதால் பகலில் தூங்குகிறேனாம். நான் நல்ல தூக்கக்காரன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன். தூங்கவே இல்லை என்று ஒருவர் சொல்வது அவமானமாக இருந்தது.

என்னென்ன வைத்தியம் உண்டு என்று அவர் சொன்னார். உடம்பைக் குறைக்கலாம். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கலாம். அதைச் செய்து பார்த்துவிட்டோம் என்றாள் என் மனைவி. உண்மைதான். என் பனியன் முதுகில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்திருந்தாள். நான் பந்தின் மேலேயே மல்லாந்து படுத்துத் தூங்கி, காலையில் முதுகுவலிக்கு வேறு டாக்டரைப் பார்த்தேன்.

அடுத்தது பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தரும் வாய்க்கருவி. ராத்திரி பல்லில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்து வழியைத் திறந்துவிடும். கடைசியாக மூச்சு மெஷின். மூக்கில் முகமூடி, அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் பெட்டி. பெட்டி காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், பாதை அடைபடாது.

வாய்க்கருவியின் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. சட்டைப் பையில் அடங்கும். யாருக்கும் தெரியாது. எனக்கு இதுவே போதும் டாக்டர் என்றேன். உங்கள் அளவுக்கு மூச்சு நிற்பவர்களுக்கு மெஷின்தான் முதல் வைத்தியம் என்றார் அவர். "ஒரு மாசம் போட்டுப் பாருங்க. சுத்தமா ஒத்துக்கலைன்னா வாய்க்கருவியைப் பத்திப் பேசுவோம்."

ஒத்துக்கலைன்னா என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மெஷின் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள். முதல்முறை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வாட்டர் டேங்கை சுத்தம் செய்ய இறங்கப் போகிறவனைப் போல இருந்தேன். ஊரையே நேராகப் போக வைத்தவன், ஒரு குழாயின் முனையில் கட்டிப்போடப்பட்டு நிற்கிறேன். அந்த இடத்தில்தான் நான் மேலே சொன்ன முடிவை எடுத்தேன்.

திட்டம் எளிமையானது. அவள் பார்க்கும்போது மாட்டிக்கொள்வது. விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் கிடப்பது. அவள் தூங்கியதும் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. ஒரு மாதம் கழித்து, ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர் என்று முகத்தைத் தொங்கப்போடுவது.

அவள் தூங்கிவிட்டாளா என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. என் மனைவி குறட்டை விட்டாள். இத்தனை வருஷம் என் குறட்டைக்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவள், படுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் லேசாக, ராகம் போட்டு ஆரம்பித்தாள். எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. தினமும் அந்தச் சத்தம் வந்ததும் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். இந்தக் குறட்டையை எப்போது, யார் முன்னால் வெளியிடுவது என்று யோசித்தபடியே தூங்கிப் போவேன்.

காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். முகமூடி ஸ்டூலில் நான் வைத்தபடியே இருக்கும். எப்படி இருந்தது, தூங்கினீங்களா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கேள்வி கேட்காத மனைவியைப் பார்த்ததும் நான் சுதாரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் திட்டத்தில் ஒரு சிக்கல். என் உடம்பு தேற ஆரம்பித்தது. காலையில் தலை கனக்கவில்லை. மேஜையில் கவிழ்ந்து படுக்கவில்லை. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முழித்திருந்தே படித்தேன். முகத்தைத் தொங்கப்போட்டு ஒத்திகை பார்த்தேன், தொங்க மறுத்தது.

நான் அசரவில்லை. திட்டத்தையே பெரிதாக்கினேன். மெஷினும் வேண்டாம், வாய்க்கருவியும் வேண்டாம். இது முழுக்க முழுக்க என் மன உறுதியால் வந்த குணம். அதை டாக்டர் முன்னால் நிரூபித்து, அந்த நிமிஷமே சீட்டைத் திரும்ப வாங்கிவிடுவது.

இதற்கிடையில் பேக்கரி அம்மாள் வகுப்புக்கு வந்தார். மேஜைக்கு முன்னால் நின்று என்னையே உற்றுப் பார்த்தார்.

"மாஸ்டர், ரெண்டு கன்னத்துலயும் கோடு விழுந்திருக்கே, என்னாச்சு?"

தலையணை என்றேன். தலையணை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு போடுமா என்று கேட்டார். என் தலையணை போடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வீட்டுக்குப் போய் இந்தத் தலையணை உறையின் தையல் சரியில்லை என்று சத்தம் போட்டேன். என் மனைவி மறுபேச்சுப் பேசாமல் வழவழப்பான புது உறை மாட்டினாள். மறுநாள் காலை அதே இடத்தில், அதே கோடு. தலையணையையே மாற்றினோம். கோடு மாறவில்லை. வயதானால் தோலில் இப்படித்தான் வரும்போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் திறந்தேன்.

"டாக்டர், உண்மையைச் சொல்லிடறேன். இந்த மெஷினை நான் ஒரு ராத்திரிகூடப் போட்டுக்கிட்டுத் தூங்கலை. இப்ப என்னைப் பாருங்க. எப்படி இருக்கேன்?"

டாக்டர் பார்த்தார். எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு என்னிடம் பேசாமல் என் மனைவியிடம் பேசினார்.

"பட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் போடுங்கம்மா. கன்னம் புண்ணாயிடப் போகுது."

"சரிங்க டாக்டர். இவர் புரண்டு படுக்கறப்ப நழுவிடுது. அதான் இறுக்கிப் போட்டேன்."

எனக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கைவசம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "இவளையும் செக் பண்ணுங்க டாக்டர். இவளும் குறட்டை விடறா. நானே தினமும் கேக்கறேன்."

அப்படியா என்று டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

"அது நான் இவருக்காக விடறது டாக்டர். நான் தூங்கிட்டேன்னு தெரிஞ்சாத்தான் இவர் அதைக் கழட்டி வைச்சிட்டுத் தூங்கறார். இவர் தூங்கினாத்தானே நான் எடுத்துப் போட முடியும்?"

டாக்டர் இருமுவதுபோல் பாவனை செய்து மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்க்கருவி என்று மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மெஷின் இவ்வளவு அழகாக வேலை செய்யும்போது அது எதற்கு என்றார். சீட்டில் உட்காரலாம், ஆனால் தினமும் ராத்திரி மெஷின் போட்டிருக்க வேண்டும் என்றார். போட்டேனா இல்லையா என்று யார் சொல்வது என்று கேட்டேன். வீட்டம்மா சொன்னால் போதும் என்றார்.

காரில் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். சொல்லியிருந்தால் தூங்காமலே கிடந்திருப்பீர்கள் என்றாள். ஒரு சிக்னலில் நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க குறட்டை எனக்குப் பழகிப் போச்சுங்க. அந்தச் சத்தத்துலயே தூங்கிடுவேன். சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். நின்னுடுச்சே, திரும்ப மூச்சு வருமா வராதான்னு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். எத்தனை வருஷமா தெரியுமா? இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன்."

விலாவில் அவள் இடித்து எழுப்பிய இரவுகளெல்லாம் ஞாபகம் வந்தன. தூக்கத்தைக் கெடுக்கிறாளே என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

படுக்கப் போகும்போது பெருந்தன்மையாகச் சொன்னேன். இனிமேல் நானே மாட்டிக்கொள்வேன், நீ படு, உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்றேன். அவள் படுக்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முகமூடியை வைத்துப் பட்டையை இழுத்தேன். காற்று மூக்குக்குப் போகாமல் கண்ணுக்குள் அடித்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். இப்போது காதுப் பக்கம் சீறியது. மூன்றாவது தடவை குழாய் முழங்கையில் சிக்கி, பெட்டியே ஸ்டூலிலிருந்து என்னை நோக்கி வந்தது. அவள் ஒரு கையால் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொடுத்தாள்.

"அவசரப்படாதீங்க. முதல்ல மூக்குல சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் பட்டை."

நான்காவது தடவையும் சீறியது.

"இப்ப சரியா இருக்கா?" என்றேன்.

"பரவால்ல. இன்னும் கை பழகணும். கொஞ்ச நாளைக்கு நான் பக்கத்துல இருந்து சொல்லித்தரேன். அப்புறம் தனியா விடலாமான்னு பாக்கலாம்."

"காலையில எனக்கு வகுப்பு இருக்கே. சாவி?"

"அது காலையில. இப்ப தலையைத் தூக்குங்க."

மாஸ்டராகிய நான் தலையைத் தூக்கினேன்.